அமலோற்பவத்தின் வாயும் ராயப்பனின் மைக்கும்

அமலோற்பவத்தின் வாய்க்குப் பயந்து அவள் வாசலில் நாய்கூடப் படுக்காது என்று செங்கொட்டாய் காலனியில் சொல்வார்கள். அது பொய். நாய் படுக்கும். மனிதர்கள்தான் நிற்க யோசிப்பார்கள். கரும்பு வெட்டும் கும்பலில் அவள் கை ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே இருக்கும், வாய் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். மேஸ்திரி வெயில் ஏறியபின் வந்து சேர்ந்தால், "வாங்க, இப்பத்தான் உங்களுக்குப் பாடை கட்டலாமான்னு பேசிக்கினு இருந்தோம்" என்பாள். மேஸ்திரி பல்லைக் கடிப்பார். கும்பல் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கும். அடுத்த வருடமும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார், ஏனென்றால் அவள் இருக்கும் கும்பலில் ஆட்கள் சாயங்காலம் வரை சோர்ந்து உட்காருவதில்லை.

கல்வராயன் மலைக்கு அடியில், சங்கராபுரத்திலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகும் இடத்தில் இருக்கிறது செங்கொட்டாய். ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. காலனியில் பாதி வீட்டில் மாரியாத்தா படம், பாதி வீட்டில் வேளாங்கண்ணி மாதா படம். கரும்பு வெட்டப் போகையில் எல்லாரும் ஒரே டிராக்டரில்தான் ஏறுவார்கள்.

அவள் புருஷன் ராயப்பனுக்குப் பேச்சே வராது. வீட்டில் உப்பு வேண்டும் என்றால்கூடக் கையைத்தான் காட்டுவான். ஆனால் குரல் என்றால் அதுதான் குரல். கோயிலில் அவன் செபம் சொன்னால் சாமியார் சற்று நிறுத்திக் கேட்பார். கடவுள் அந்த வீட்டுக்கு அளந்து போடும்போது வார்த்தையைப் பெண்டாட்டிக்கும் தொண்டையைப் புருஷனுக்கும் மாற்றிப் போட்டுவிட்டார். பிள்ளையைப் போட மறந்தேபோனார். சங்கராபுரத்தில் மைக் செட் கடை வைத்திருந்த பிச்சைமுத்து அந்தத் தொண்டையைக் கண்டுபிடித்து, சாவு சொல்லும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். யார் வீட்டில் சாவு என்றாலும் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், இன்னாரின் மகனும் இன்னாரின் கணவருமான இன்னார் இயற்கை எய்தினார் என்று ராயப்பன் சொல்லிவிட்டு வருவான். செத்தவரைத் தெரியாதவர்கள்கூட வாசலுக்கு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

கபடிக்கும் அவனைத்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தொண்ணூறுகளில் கபடி இல்லாத திருவிழா கிடையாது. கபடியில் மைக் பிடிப்பவன் புள்ளி மட்டும் சொன்னால் கூட்டம் எழுந்து போய்விடும். அமுக்கு, நசுக்கு, காலை உடை, தோலை உரி, கழுத்தைத் திருகி வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிடிபட்டவன் செத்தவன். அவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். அவன் கட்சி எதிராளி ஒருவனைச் சாகடித்தால் அவனுக்கு உயிர் வரும், எழுந்து உள்ளே போவான். சடுகுடு காலத்திலிருந்து இதுதான் பேச்சு. காலையில் பத்து முறை செத்தவன் மத்தியானம் பந்தியில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான்.

இந்தச் சாவை ராயப்பனின் தனிச் சரக்காக ஆக்கியவள் அமலோற்பவம். மறுநாள் போட்டி என்ற ஒரு சாயங்காலம், அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "செத்தான் செத்தான்னு மொட்டையா சொல்றியே, ஆட்டோல சாவு சொல்ற மாரி சொல்லேன்" என்றாள். சொல்லியும் காட்டினாள். அவன் மறுநாள் அதை அப்படியே மைக்கில் இறக்கினான்.

"மரண அறிவிப்பு. வெளியூர் அணியைச் சேர்ந்தவரும், முழங்கால் அவர்களின் அன்பு மகனும், முட்டி அவர்களின் ஆசைக் கணவருமான நீல பனியன் அவர்கள், சற்று முன் நடுக்கோட்டுக்கு அரைச் சாண் தூரத்தில் அகால மரணமடைந்தார். அன்னாரின் பூத உடல், நமது வீரர்களுக்கு அடியில் பொதுமக்கள் பார்வைக்காக வைக்கப்பட்டுள்ளது."

அழ வைக்கிற அதே குரலில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? கூட்டம் புரண்டது. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத முடியாமல் நின்றார். கள்ளக்குறிச்சி வரைக்கும் பேர் பரவி, ராயப்பன் மைக் என்று நோட்டீஸில் தனியாக அச்சடித்தார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் சாவு கட்டிக் கொடுத்தாள், அவன் மைக்கில் சாகடித்தான். வெளியூர் அணிகள்கூடத் தங்கள் ஆளை எப்படிச் சாகடிக்கப்போகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அமலோற்பவம் ஏரிக்கரையில் மற்றப் பெண்களோடு நின்று, தன் வார்த்தை குழாயிலிருந்து வந்து ஆயிரம் பேரைச் சிரிக்க வைப்பதைக் கேட்பாள். அவளுக்குப் பெருமை தாங்காது.

ஒரு விஷயத்தை அவள் கவனிக்கவில்லை. செங்கொட்டாய் ஊர் அணிப் பையன் பிடிபட்டால் ராயப்பன் அவனைச் சாகடிப்பதில்லை. "நமது வீரர் சற்று ஓய்வெடுத்துக்கொள்கிறார்" என்பான். வெளியூரான் சாவான், காலனிப் பையன் சாவான், ஊர்ப் பையன் ஓய்வெடுப்பான். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த சட்டமில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதை யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள்?

அதை எடுத்துச் சொன்னவள் செல்லியம்மாள். புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவள், அமலோற்பவத்துக்குப் பக்கத்து வரிசையில் கரும்பு வெட்டுபவள். அவளுடைய ஒரே மகன் சடையன் காலனி அணியில் ஆடினான். கால் பிடிப்பதில் கெட்டிக்காரன். கபடி கபடி என்று பாடி வந்தவன் பிடியிலிருந்து நழுவிவிட்டால் பிடித்தவன் செத்தவன், அதனால் மைக்கில் அதிகம் செத்தவனும் அவன்தான். ஒரு நாள் வரப்பில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது செல்லியம்மாள் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அமலு, எம்புள்ள பேர சாவு ஆட்டோ கொரல்ல கேக்கறப்பல்லாம் ஓடிப் போயி அவன் இருக்கானான்னு பாத்துட்டு வரேன். சரி, வெளையாட்டுன்னு வுட்டுட்டேன். அவுங்க புள்ளைங்க மட்டும் ஓய்வு எடுக்குது, எம்புள்ள மட்டும் சாவுதே, அது இன்னா வெளையாட்டு? ஒரே ஒரு தபா அவுங்க வூட்டுப் புள்ளைய சாவடிக்கச் சொல்லு உம்புருசன. அப்ப ஒத்துக்கறேன் வெளையாட்டுன்னு."

அமலோற்பவம் மிச்சக் கஞ்சியை வரப்பில் ஊற்றிவிட்டுக் கத்தியை எடுத்தாள். அன்று சாயங்காலம் வரை அவள் வாய் ஓடாததைப் பார்த்து, காய்ச்சலா என்று மேஸ்திரியே கேட்டார்.

வீட்டுக்கு வந்து ராயப்பனிடம் சொன்னாள். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டினான். வெட்டுக் கும்பலுக்கு ஆள் பிடிப்பது, ஆலை லாரிக்குச் சொல்லுவது எல்லாம் ஊரில் ஆதிமூலம் கையில். கபடிக் குழுவுக்குத் தலைவரும் அவர்தான். ஊர் அணியில் பாடிப் போகிற பெரிய ஆட்டக்காரன் அவர் மகன் அரங்கநாதன். அவனை யார் சாகடிப்பது?

அவள் விடவில்லை. "கொரலுதான் உன்னுது. வாய் என்னுது. என் வாயயும் சேத்து ஏன் பயந்தாங்கொள்ளி ஆக்கற?" என்று கேட்டாள். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு போடும்போதெல்லாம் அரங்கநாதனுக்கான சாவைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். பயந்தவனுக்குப் புளியமரமெல்லாம் பேய் என்றாள். அவன் தலை குனிந்து தின்றான். கேட்டுக்கொண்டானா இல்லையா என்று தெரியவில்லை.

அந்தச் சித்திரையில் ஏரி வறண்டு பாளம் பாளமாகக் கிடந்தது. ஏரிக்குள்ளேயே மண்ணைச் சமன் செய்து சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். யார் எதிர்பார்த்தது, வெளியூர் அணிகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தோற்றுப்போய், கடைசி ஆட்டத்துக்கு ஊர் அணியும் காலனி அணியும் எதிரெதிரே நின்றன. தோற்ற அணிகள் போகாமல் உட்கார்ந்து பார்த்தன. காலனிப் பெண்கள் கரையில் நெருக்கியடித்து நின்றார்கள். செல்லியம்மாள் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் இழுபறியாகப் போய், கடைசியில் அரங்கநாதன் பாடி வந்தான். முறுக்கிய மீசை, எண்ணெய் தடவிய தோள். தொட்டுவிட்டுத் திரும்பியவனின் கணுக்காலைச் சடையன் பிடித்தான். அரங்கநாதன் அவனை இழுத்துக்கொண்டே கோட்டை நோக்கி ஊர்ந்தான். மற்ற பையன்கள் மேலே விழுந்தார்கள். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது பாட்டு நின்றது. நடுவர் விசில் அடித்தார்.

"நமது வீரர்..." என்று குழாய் ஆரம்பித்தது. அப்புறம் நின்றது. ராயப்பன் மூச்சு விடுவது ஏரி முழுக்கக் கேட்டது. கரையில் நின்ற அமலோற்பவம், சொல்லு, சொல்லு என்று உதட்டை அசைத்தாள். அவளுக்கு ஆசையாக இருந்தது. பயமும் இருந்தது, ஆனால் ஆசைதான் அதிகம்.

"மரண அறிவிப்பு. செங்கொட்டாய் ஊர்த்தெருவைச் சேர்ந்தவரும், திருவாளர் ஆதிமூலம் அவர்களின் அன்பு மகனுமான அரங்கநாதன் அவர்கள், காலனி சடையன் அவர்களின் கையில் சற்று முன் காலமானார். அன்னாரின் மீசை மட்டும் இன்னும் உயிரோடு இருப்பதாக மருத்துவர்கள் தெரிவிக்கிறார்கள்."

காலனிப் பையன்கள் விசிலடித்தார்கள். ஊர்க்காரர்கள் அசையவில்லை. அதோடு போயிருந்தால்கூட ஏதோ ஒரு விதமாகப் போயிருக்கும். வெளியூர் அணிகள் சிரித்துவிட்டன. இதுவரைக்கும் மைக்கில் செத்தவர்கள் அவர்கள், அவர்களுக்குச் சிரிப்பை அடக்க என்ன தலையெழுத்து? வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தன் தன் மீசையைத் தொட்டுப் பார்த்து நாடி பிடித்துக் காட்டினான். ஆதிமூலம் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். அவரும் லேசாகச் சிரித்தார். செல்லியம்மாள் அமலோற்பவத்தின் கையை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காலனி ஜெயித்தது. பரிசுக் கிடாயை யாரும் போய்க் கேட்கவில்லை. பையன்கள் சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்தார்கள். செல்லியம்மாள் பயந்துபோய், சடையனை அன்றிரவே பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ராயப்பன் வரவில்லை.

அன்றிரவு அமலோற்பவம் தூங்கவில்லை. ஆட்களை அனுப்பிப் பார்த்தாள். மைக் செட்டைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், வந்துவிடுவான் என்று சொல்லியனுப்பினார்கள். அவனைக் கொன்றுவிட்டார்கள் என்றே நினைத்தாள். நான் கொன்றுவிட்டேன் என்றும் நினைத்தாள்.

விடிந்து வெயில் வந்தபோது ஊர்ப்பக்கம் குழாய்ச் சத்தம் கேட்டது. ராயப்பன் குரல். அவளுக்கு உயிர் வந்தது. அட, யாரோ செத்திருக்கிறார்கள், வேலைக்குப் போயிருக்கிறான் என்று அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள். ஆட்டோ ஏரிக்கரை மேல் ஏறி வந்தது.

"மரண அறிவிப்பு. செங்கொட்டாய் காலனியைச் சேர்ந்தவரும், காலஞ்சென்ற சவரிமுத்து அவர்களின் மகனும், அமலோற்பவம் அவர்களின் அன்புக் கணவருமான ராயப்பன் அவர்கள், நேற்று இரவு நமது ஏரியில் தவறி விழுந்து நீரில் மூழ்கி அகால மரணமடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

செத்தவன் எப்படித் தன் சாவைச் சொல்வான் என்று நீங்களும் நானும் கேட்போம். இரவு முழுக்க அவன் பிணத்தை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்கத் தோன்றவில்லை. காலனியில் யாருக்கும் தோன்றவில்லை. ஏரியில் தண்ணீர் இல்லை என்பதும் தோன்றவில்லை. முந்தின நாள்தான் அத்தனை பேரும் அதே ஏரியின் காய்ந்த மண்ணில் கபடி பார்த்துவிட்டு வந்தார்கள். ராயப்பன் ஒரு சாவைச் சொன்னால் அது சாவு. அந்தக் குரல் இத்தனை வருடத்தில் ஆட்டோவில் இருந்து பொய் சொன்னதே இல்லை.

அவள் தெருவில் விழுந்து புரண்டாள். கல்லில் அடித்துக்கொண்டதில் வளையல் உடைந்து கை கிழிந்தது. சிலுவை போட்ட தாலியை அவளே பிடித்து அறுத்தாள். பெண்கள் கூடி மாரடித்தார்கள். செல்லியம்மாள்தான் எல்லாரையும்விட உரக்க அழுதாள். நான்தாண்டி கேட்டேன், என் வாயில மண்ணு விழ என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிணம் சங்கராபுரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடும் என்று ஆண்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கடப்பாரை எடுத்துக்கொண்டு போனார்கள். நடுவில் ஊர்ப் பையன் ஒருவன் டிவிஎஸ்ஸில் வந்து, விழாக் குழு சார்பாக என்று பெரிய ரோஜா மாலை ஒன்றை வைத்துவிட்டுப் போனான். போகும்போது அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தார்கள்.

வெயில் உச்சிக்கு வந்தபோது ராயப்பன் நடந்து வந்தான்.

பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. மாரடித்த பெண்கள் கையைத் தூக்கியபடியே நின்றார்கள். அவன் உடம்பில் ஒரு காயம் இல்லை. வேட்டிகூடக் கசங்கவில்லை. பிணம் கிடத்தத் தெருவில் போட்டிருந்த பெஞ்சையும் மாலையையும் பார்த்தான், பெண்டாட்டியின் கழுத்தைப் பார்த்தான், நின்றுவிட்டான். அமலோற்பவத்துக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

"உன் கொரலுதான அது?" என்றாள்.

"ஆமா."

"அடிச்சாங்களா?"

"இல்ல."

நடந்ததை அவன் திக்கித் திக்கிச் சொன்னான். ஆதிமூலத்தின் மோட்டார் கொட்டகையில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். பிச்சைமுத்துவையும் ஆட்டோவையும் போகவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சடையனையும் வழியில் மறித்துக் கூட்டிவந்து ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். அவனை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவன் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் கோபப்படவே இல்லை. "வெளையாட்டுல பேசுனத வெளையாட்டாவே தீத்துக்குவோம் ராயப்பா. எம்புள்ளைக்குச் சொன்ன, உனக்கும் ஒண்ணு சொல்லிடு, சரியாப் பூடும். நாங்க எழுதிக் குடுத்தா நல்லா இருக்காது. நீயே சொல்லு" என்றார். பிச்சைமுத்துவின் டேப்பில் பதிந்தார்கள். காலையில் கேசட்டை ஆட்டோவில் போட்டு அனுப்பிவிட்டு, அது சங்கராபுரம் வரை போய்த் திரும்பும் மட்டும் அவனையும் சடையனையும் உட்காரவைத்திருந்தார்கள். காலனி அழுவதை ஊர்க்காரர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள்.

"ஏரின்னு சொன்னனே" என்றான் ராயப்பன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான். "ஏரில ஏது தண்ணி? அத வேணும்னுதான் வெச்சேன். யாருக்குப் புரியலன்னாலும் உனக்குப் புரியும்னு நெனச்சேன் அமலு."

அவளுக்குப் புரியவில்லையே. காலனியையே பேச்சில் உருட்டி எடுத்த அமலோற்பவத்துக்கு, புருஷன் தனக்கென்று ஒளித்து அனுப்பிய ஒரே ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள். வளையல் துண்டுகளைச் செல்லியம்மாள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே அவள் மகனைப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் கரும்பு வெட்டில் அமலோற்பவத்துக்குப் பக்கத்து வரிசையில் அவள் நின்றதில்லை.

மறு வருடமும் கபடி வந்தது. ராயப்பனுக்குத்தான் ஆள் வந்தது. போகாதே என்று அமலோற்பவம் சொல்லவில்லை, வெட்டு வேலை யார் கையில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். அவன் மைக்கைப் பிடித்து வெறும் புள்ளி மட்டும் சொன்னான். கூட்டத்துக்குச் சப்பென்று இருந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அரங்கநாதன் மேடை ஏறி, தோளில் கை போட்டு, "செத்துக் காட்டு ராயப்பா" என்றான். கூட்டம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. காலனிப் பையன்களின் குரலும் அதில் இருந்தது. அவன் அந்த அறிவிப்பை மறுபடி சொன்னான், ஏரியோடு, தண்ணீரோடு. சிரிப்பு மலையில் மோதித் திரும்பியது.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேறு ஊர்ப் போட்டிகளிலும் கேட்டார்கள். ராயப்பன் சாவு என்றால் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் உண்டு என்று வெளியூர் அணிகள் காத்திருந்தன. அமலோற்பவம் கரைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஆனால் குழாய்க்கு ஊர் என்றும் காலனி என்றும் தெரியாது, வீடு வரைக்கும் வரும். அவள் திரும்பத் தாலி கட்டிக்கொள்ளவில்லை. கோயிலில் சாமியார் கேட்டதற்கு, அறுந்தது அறுந்துபோச்சு சாமி என்று சொல்லிவிட்டாள். வாயும் நின்றுவிட்டது. கும்பல் சிரிக்காமல் வெட்டியதால் கரும்பு சீக்கிரம் முடிந்தது, மேஸ்திரிக்குத் திருப்தி.

அவளால் தாங்க முடியாதது வேறு ஒன்று. அவன் அதை நன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். எங்கே நிறுத்தினால் சிரிப்பு வருகிறது என்று கண்டுகொண்டான். மூன்றாவது வருடமோ நாலாவது வருடமோ, போட்டிக்கு முந்தின நாள் சோறு தின்றுகொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"கேட்டதையே கேட்டுக்கினு இருக்காங்க. புதுசா ஒண்ணு சொல்லேன்."

அவளுக்கு அடுப்பிலிருந்த சட்டியை அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. பாவமாகவும் இருந்தது. பாவத்தைவிட வெறுப்புதான் முந்திக்கொண்டது.

"அமலோற்பவம் புருசன்னு சொல்லாத இனிமே. அன்னாருக்கு அழ ஆளு கெடையாதுன்னு சொல்லு. இருந்த ஒருத்தியும் போன தபாவே அழுது முடிச்சிட்டா, அதனால கண்ணீர் இருக்கறவங்க வரும்போது கையோட கொண்டாங்கன்னு சொல்லு."

சுடட்டும் என்றுதான் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். மறுநாள் அதைக் குழாயில் கேட்டாள். அதற்கு வந்த சிரிப்பைப் போல முன்பு எதற்கும் வந்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், "நல்லா சிரிச்சாங்க" என்றான். அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

இப்படியே வருடங்கள் போயின. ஒரே வீட்டில் இருந்தார்கள், ஒரே டிராக்டரில் வேலைக்குப் போனார்கள். ஆதிமூலம் போய்ச் சேர்ந்தார், அவருக்கும் ராயப்பன்தான் ஆட்டோவில் சாவு சொன்னான், கேட்டவர்கள் அழுதார்கள். அரங்கநாதன் விழாக் குழுத் தலைவரானான், மீசை நரைத்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. கபடிக்கு விளக்குக் கம்பமும் ரப்பர் விரிப்பும் வந்தன. எவனோ ஒருத்தன் ராயப்பன் சாவைப் போனில் பிடித்துப் போட, அதை லட்சம் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்.

அவன் நிஜமாகச் செத்தது ஒரு ஐப்பசியில், மார்ச்சளி கட்டி. படுத்த கொஞ்ச நாளிலேயே முடிந்துவிட்டது. அந்த நாட்களில் தண்ணீர் கேட்பதற்கும் அவன் கையைத்தான் காட்டினான். காலையில் அவள் தொட்டுப் பார்த்தாள், சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். அழவில்லை.

பிச்சைமுத்து தள்ளாத வயதிலும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு தானே வந்துவிட்டார். பிணத்துக்கு மாலை போட்டு அழுதார். அப்புறம் அவளிடம் வந்து தயங்கினார். அரங்கநாதன் சொல்லியனுப்பியிருந்தாராம், அறிவிப்பு தாலுகா முழுக்கப் போகட்டும், நம் மைக்குக்காரனுக்கு அந்த மரியாதை செய்ய வேண்டும் என்று. "பழைய கேசட்டு கெடக்குதும்மா. அவுரு கொரல்லயே போட்டா சனம் ஜாஸ்தி வருமாம். நான் கேக்க மாட்டேன்னுதான் சொன்னேன். கேட்டுட்டு வான்னு அனுப்பிட்டாங்க."

அமலோற்பவம் அவரையே பார்த்தாள். "ஆட்டோ வாணாம் அண்ண. எந்தக் கொரல்லயும் வாணாம். அவுரு சாவ அவுரே ஊரு ஊரா சொல்லி முடிச்சிட்டாரு" என்றாள்.

அந்தச் சுற்றுவட்டத்துச் சாவுகளையெல்லாம் சொன்னவனை அறிவிப்பே இல்லாமல் தூக்கிப்போனார்கள். காலனி மட்டும் போனது. பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஒப்பாரிக்குக் காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று அவள் காதுபடவே சொன்னார்கள். செல்லியம்மாள் மட்டும் குழி மூடும் வரை அவள் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்து அமலோற்பவம் ரேஷன் கடைக்குப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஊர்ப் பையன்கள் இருவர், போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் யார் என்று அவர்களுக்குத் தெரியாது.

"மைக்கு ராயப்பன் செத்துட்டானாமே" என்றான் ஒருவன்.

"யாரு சொன்னா? அவனேவா?" என்றான் மற்றவன்.

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அமலோற்பவத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்குவதற்குள் வாயைத் தாண்டி வந்துவிட்டது. நல்ல பேச்சுத்தான். அவள் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பாள். சிரித்த வாயை அவளால் மூட முடியவில்லை, அதிலிருந்தே ஒப்பாரி கிளம்பியது. அரிசிப் பையைக் கீழே போட்டுவிட்டு, கடை வாசலில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்தக் கிழவிக்கு என்ன ஆனது என்று தெரியாமல் வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது.